தினம் ஒரு எறும்பு

ஆவுடைச்செல்வி டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய சீடர் கந்தப்பழத்துக்கு அறுபத்து மூன்று. குரு சீடரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். இதைப் பார்த்துச் சிரிக்காதவர் அந்த ஊரில் இல்லை. இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தென்காசிப் பக்கத்தில் சின்ன ஊர் அது. டீச்சர் வெளியூர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு வந்தார். அம்மா காலமான பிறகும் திரும்பிப் போகவில்லை. வீட்டைச் சுற்றி முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி. எதற்கும் மருந்து அடிப்பதில்லை. ஊரிலுள்ள பூச்சியெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது என்று எதிர்வீட்டு ராமலட்சுமி சொல்வாள். அவள் வீட்டில் எது ஊர்ந்தாலும் டப்பாவில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வருகிறவளும் அவள்தான்.

டீச்சர் வீட்டுக் கேட்டில் ஒரு பழைய தபால் பெட்டி தொங்கும். ஊர்க்காரர்கள் அதில் மாத்திரை டப்பா, தீப்பெட்டி, காப்பித்தூள் பாட்டில் என்று எதிலாவது பூச்சியைப் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். கூடவே ஒரு சீட்டு இருக்க வேண்டும். கண்ட இடம், நேரம், அளவு, நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவுதான் எழுதலாம். இன்ன பூச்சி என்று தங்கள் ஊகத்தை எழுதினால் டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

கந்தப்பழம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் போஸ்ட் மரத்தில் ஏறி இறங்கினார். ஓய்வு பெற்ற மறுவாரம் வீட்டில் உட்கார முடியாமல் டீச்சரிடம் வந்தார். டப்பாவும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரு கேள்வி மட்டும் வைத்திருந்தார்.

"டீச்சர், இந்தக் குழியானை எல்லாம் எங்க போச்சு?"

"கடைசியா எப்பப் பாத்தீங்க அண்ணாச்சி?"

"சின்ன வயசுல. எங்க பழைய ஓட்டு வீட்டுல. கூரையிலேருந்து மழைத்தண்ணி விழுற கோட்டுக்கு உள்பக்கம், நனையாத புழுதி இருக்குமே, அதுல. புனல் வச்சு அமுக்குன மாதிரி குழி குழியா இருக்கும். ஒரு எறும்பைப் போட்டாப் போதும், அடியிலேருந்து மண்ணை வாரி வாரி எறியும். கையில எடுத்து விட்டா, பின்னாலேயேதான் நடக்கும். உள்ளங்கையில அது நடக்கும்போது கூசும் பாருங்க..."

சொல்லும்போதே அவர் உள்ளங்கை விரிந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார்.

"நாளைலேருந்து வாங்க" என்றார்.

அன்று தொடங்கியது இந்தப் படிப்பு.

முதல் பாடம் ராமலட்சுமி வீட்டில் நடந்தது. அவள் பேத்தியின் கழுத்தில் தீக்காயம் போலக் கொப்புளம். காலண்டருக்குப் பின்னால் இருந்த பெரிய எட்டுக்கால் பூச்சியின் மேல்தான் பழி. விளக்குமாற்றோடு நின்றாள்.

"அது மேல ஊர்ந்ததைப் பாத்தீங்களா அக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"பாக்கல. வேற எது செய்யும்? மூஞ்சியைப் பாரு அதுக்கு!"

டீச்சர் டியூப்லைட்டுக்கு அடியில் சுவரைத் தேடினார். எறும்பைவிடக் கொஞ்சம் நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன வண்டு. அதைக் காகிதத்தில் ஏந்திக் காட்டினார். "இதுதான். சும்மா ஊர்ந்தா ஒண்ணும் செய்யாது. தூக்கத்துல நசுக்கிட்டா அதோட நீர் பட்டுப் பொத்துக்கும். மேல உக்காந்தா அடிக்காதீங்க, ஊதி விட்டுருங்க."

எட்டுக்கால் பூச்சியைத் தம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது கந்தப்பழம். அன்றிலிருந்து அவருக்கு டீச்சர் மேல் அசைக்க முடியாத மரியாதை.

ஆறு மாதத்தில் ஊசித்தட்டானும் தட்டானும் வேறு வேறு என்று தெரிந்துகொண்டார். மரவட்டையையும் பூரானையும் தூரத்திலிருந்தே சொன்னார். தனக்கென்று ஒரு நோட்டு வாங்கி, சீட்டு எழுதுவது போலவே எழுதினார். கடைக்காரர், பஸ் கண்டக்டர், சொந்த மருமகள் எல்லாரையும் அடையாளத்தோடு குறித்துப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. இது நல்லதற்கில்லை என்று அவர் மனைவி பாப்பா சொன்னாள். யார் கேட்டார்கள்!

ஆனால் குழியானை மட்டும் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் சிமென்ட் போட்டாயிற்று. பழைய ஓட்டு வீட்டையும் இடித்துவிட்டுத்தான் அவர் காரை வீடு கட்டியிருந்தார். "நானேதான் அதுக மேல சிமென்ட் ஊத்தியிருக்கேன்" என்று சொல்லி வருத்தப்படுவார். அந்த வருத்தத்திலேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், டியூப்லைட்டைச் சுற்றிவிட்டு ஒல்லியாக ஒரு தட்டான் தட்டில் வந்து விழும். பறக்கவும் உருப்படியாகத் தெரியாத சோம்பேறித் தட்டான். துண்டால் அடித்து விரட்டுவார். அதையும் மறுநாள் டீச்சரிடம் குறையாகச் சொல்வார். டீச்சர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

ஒருநாள் டீச்சர் ரயில் நிலையத்தின் பழைய குடோன் ஓரத்திலிருந்து மூன்று குழியானை கொண்டுவந்தார். ஒரு பிளாஸ்டிக் பேசினில் சலித்த மணலைப் பரப்பி அதில் விட்டார். மூன்றும் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கின. மறுநாள் காலையில் மூன்று குழி.

கந்தப்பழம் பேசினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார்.

"வளர்க்க வேண்டியது நீங்க" என்றார் டீச்சர். "குழிக்குத் தினம் ஒரு எறும்பு. நனையாம பாத்துக்கணும். தோண்டிப் பாக்கக் கூடாது."

"எதுவரைக்கும் டீச்சர்?"

"அது முடிக்கிற வரைக்கும்."

ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் வந்தார். மழையென்றாலும் குடை பிடித்துக்கொண்டு எறும்போடு வந்தார். போன மாதம் ஒவ்வொன்றாகக் குழிகள் தூர்ந்தன. மணல் சமமாகிவிட்டது. எறும்பைப் போட்டால் அது பாட்டுக்கு மேலே ஊர்ந்து மறுபக்கம் போயிற்று.

"செத்துப்போச்சு டீச்சர்" என்றார்.

டீச்சர் மணலில் ஒரு குச்சியை நட்டு, பேசினைக் கொசுவலைத் துணியால் மூடி, சுற்றிலும் கயிறு கட்டினார்.

அதற்குப் பிறகு கந்தப்பழம் அந்தப் பேசின் பக்கம் போகவில்லை. டீச்சர் வீட்டுக்கு வருவதும் குறைந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"டப்பா எங்க அண்ணாச்சி?"

"நீங்க முதல்ல படிங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

*கண்ட இடம்: பஸ் ஸ்டாண்டு எதிர் லாட்ஜ், ஆறாம் நம்பர் ரூம். நேரம்: காலை பத்தரை. அளவு: ஐந்தடி ஏழு அங்குலம். நிறம்: கறுப்பு (முன்பு மாநிறம்). தலை நரைத்திருக்கிறது. இடது புருவத்தில் தழும்பு இருக்க வேண்டும், இல்லை. என்ன செய்துகொண்டிருந்தது: சும்மா சும்மா சிரித்தது.*

"யாரு இவரு?"

"எந்தம்பின்னு சொல்லுதான். உச்சிமாகாளின்னு சொல்லுதான்."

டீச்சர் சீட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தார். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குத் தம்பி உண்டுன்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"நான் யார்ட்டயும் சொன்னதில்ல. நீங்க பிறந்த வருசம் காணாமப் போனான். பதினொரு வயசு அப்ப அவனுக்கு."

கந்தப்பழம் அன்றுதான் முழுக்கதையையும் சொன்னார். அப்பா இறந்தபோது கந்தப்பழத்துக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். தம்பியாவது படிக்க வேண்டும் என்று அவரே அப்பாவாக மாறிக் கண்டித்தார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. நாள் முழுக்கக் கூரைக்கடியில் குப்புறப் படுத்துக் குழியானை பிடித்தான். ஒரு பவுடர் டப்பாவில் மண் போட்டுப் பதினெட்டுக் குழியானை வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் அண்ணனின் உள்ளங்கையில் விட்டுக் காட்டுவான்.

"பள்ளிக்கூடத்துக்கு நாலு நாளாப் போகலைன்னு வாத்தியார் சொன்னாரு. எனக்கு ஆத்திரம். டப்பாவைப் பிடுங்கிக் கிணத்துல எறிஞ்சேன். அவன் அழவே இல்ல டீச்சர். கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டே நின்னான். சாயங்காலம் அம்மா மண்ணெண்ணெய் வாங்க அனுப்புனா. கேன் மட்டும் பஸ் ஸ்டாண்டுல கிடந்தது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பத்தாறு வருசம். அம்மா சாகுற வரைக்கும் அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வச்சா. இப்ப ஒருத்தன் வந்து நிக்கான். நாக்பூர்ல மெஸ் நடத்துதானாம். தமிழே பாதிதான் வருது. ஊரே அவன்தான்னு சொல்லுது. பாப்பாவும் சொல்லுதா."

"நீங்க என்ன கேட்டீங்க அவர்ட்ட?"

"எல்லாம் கேட்டேன். அம்மா பேரு, சரி. நாங்க வளத்த ஆட்டுக்குட்டி பேரு, சரி. வாத்தியார் பேரு தெரியல. புருவத்துல ஆடு முட்டுன தழும்பு இருக்கணும், காணோம். கடைசியா ஒண்ணு கேட்டேன். ஏன்ல வீட்டை விட்டுப் போனேன்னு கேட்டேன்."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாபகம் இல்லண்ணேங்கான். சிரிக்கான் டீச்சர்! சின்னப்பிள்ளைத்தனமா ஏதோ கோவம், மறந்துபோச்சுங்கான். பவுடர் டப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நான் ஒருநாள் கூட அதை மறக்கல. கிணத்துல தண்ணி இறைக்கும்போதெல்லாம் நெனச்சிருக்கேன். எறிஞ்சவன் எனக்கே இப்படின்னா, பறிகொடுத்தவன் மறப்பானா? அப்ப இவன் அவனா இருக்க முடியாது."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேண்டாமாம். எங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடணுமாம். நாளைக்கு ராத்திரி ரயிலுக்குப் போறானாம். நான் இன்னும் வான்னு சொல்லல." கந்தப்பழம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக டீச்சரைப் பார்த்தார். "நீங்க ஒருதரம் லாட்ஜுக்கு வந்து பாக்கணும். எத்தனையோ பூச்சியை ஒத்தைக் காலை வச்சே கண்டுபிடிச்சிருக்கீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. இவன் அவன்தானா?"

டீச்சர் எழுந்து உள்ளே போனார். கொசுவலை கட்டிய பேசினைத் தூக்கிவந்து விளக்குக்கு அடியில் வைத்தார்.

"இதை முதல்ல பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

கந்தப்பழத்துக்குச் சலிப்பாக இருந்தது. தான் என்ன கேட்கிறோம், இவர் என்ன காட்டுகிறார்! இருந்தாலும் குருவின் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. வலைக்குமேல் குனிந்தார்.

நட்ட குச்சியில் ஒல்லியாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நீண்ட உடம்பு. கண்ணாடி போன்ற நான்கு இறக்கைகளையும் கூரை மாதிரி உடம்பின் மேல் சரித்து வைத்திருந்தது.

"தட்டான். எங்க வீட்டு டியூப்லைட்டுக்கு வருமே, அந்தச் சோம்பேறி."

"தட்டான் இறக்கையை இப்படி மடிக்குமா?"

"மடிக்காது. ஊசித்தட்டான் மடிக்கும்."

"ஊசித்தட்டானுக்கு மீசை உண்டா?"

கந்தப்பழம் இன்னும் குனிந்தார். முகத்துக்கு முன்னால் தடிமனாக, நுனி வளைந்து குமிழ் வைத்த இரண்டு மீசைகள் இருந்தன.

"இல்ல. இது வேற எதுவோ. எப்படி உள்ள வந்துச்சு?"

"வலை கட்டியிருக்கு. கயிறு நான் கட்டின கட்டுதான். அவிழ்க்கல."

"பின்ன எப்படி..."

டீச்சர் வலையை ஒரு ஓரம் தூக்கி, மணலிலிருந்து எதையோ எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார். சுண்டைக்காய் அளவு மண் உருண்டை. உள்ளே பட்டு மாதிரி வெள்ளைப் பூச்சு. ஒரு பக்கம் உடைந்து, அந்த ஓட்டையில் மெல்லிய தோல் ஒன்று தொங்கியது.

கந்தப்பழம் உருண்டையைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். மறுபடியும் உருண்டையைப் பார்த்தார்.

"டீச்சர், இது அதுவா?"

"எறும்பு போட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"கொம்பு மாதிரி வாய் இருக்குமே அதுக்கு. இதுக்கு அது இல்லையே."

"இல்ல."

"குண்டா இருக்கும். புழுதி நிறத்துல இருக்கும்."

"இருந்துச்சு."

"பின்னாலதானே நடக்கும்?"

"இது பறக்கும்."

"ஒரு அடையாளம் கூட மிச்சம் இல்லையே டீச்சர்."

"இல்லதான்."

கந்தப்பழம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை மாலை, எத்தனை சோம்பேறித் தட்டானை அந்தத் துண்டால் அடித்திருப்பார் என்று கணக்கு இல்லை. குழியானை எங்கே போயிற்று என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அடித்திருக்கிறார். அவருக்குத் துக்கமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல" என்றார்.

மற்ற இரண்டும் இன்னும் மணலுக்குள் உருண்டையாகத்தான் இருந்தன. குச்சிக்குக் கீழே மணலில் அரிசி நுனி அளவுக்கு ஒன்று கிடந்தது. லேசான சிவப்பு. காய்ந்து கெட்டியாக இருந்தது. கந்தப்பழம் அதைக் காட்டினார்.

"இது என்ன டீச்சர்? முட்டையா?"

"முட்டை இல்ல. குழிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது வெளிக்கே போகாது அண்ணாச்சி. எத்தனை மாசமானாலும், எத்தனை எறும்பு தின்னாலும், கழிவெல்லாம் வயித்துக்குள்ளேயே கிடக்கும். இறக்கை வந்ததும் முதல் காரியமா அவ்வளவையும் ஒரே பொட்டாப் போட்டுரும்."

"அப்புறம்?"

"அப்புறம் பறந்துரும். எங்க போட்டோம்னு திரும்பிக் கூடப் பாக்காது."

கந்தப்பழம் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் ராமலட்சுமி விளக்கேற்றிவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டாள். தோட்டத்தில் சுவர்க்கோழி கத்தத் தொடங்கியது.

"அவன் டப்பாவை எனக்குக் காட்டும்போது இப்படித்தான் டீச்சர், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டுவான். அண்ணே, கையை நீட்டுன்னுவான்."

டீச்சர் வலையை முழுக்க அவிழ்த்தார். பூச்சி இறக்கையை விரித்தது. தடுமாறி எழும்பி, விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கந்தப்பழத்தின் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. அவர் கையை அசைக்கவில்லை. மூச்சைக் கூட மெதுவாக விட்டார். கொஞ்ச நேரத்தில் அது எலுமிச்சை மரத்துப் பக்கம் போயிற்று.

அவர் எழுந்து செருப்பைப் போட்டார். கேட்டு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"எனக்கு இன்னும் சந்தேகம் போகல டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். தழும்பு இல்ல, வாத்தியார் பேரு தெரியல. இது இன்ன புழுன்னு பாத்துத் தெரியாட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"வளர்த்துப் பாப்பேன்."

"வேற வழி கிடையாதா?"

"பெரிய பெரிய பூச்சி ஆராய்ச்சிக்காரங்களும் அதைத்தான் செய்யுறாங்க. புழுவைப் பாத்துத் தெரியலைன்னா சாப்பாடு போட்டுட்டுக் காத்திருப்பாங்க."

கந்தப்பழம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையில் இருந்த செல்போனை எடுத்தார். பாப்பாவைக் கூப்பிட்டு, நாளை மத்தியானத்துக்குச் சுண்டவத்தல் குழம்பும் அவியலும் வைக்கச் சொன்னார். தம்பி வருகிறான் என்றார். அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள். "ஆமா, தம்பிதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டீச்சர் மேசை மேல் கிடந்த சீட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கடைசி வரியில் 'சிரித்தது' என்று இருந்ததைப் பென்சிலால் 'சிரித்தார்' என்று திருத்தி, அவர் கையில் கொடுத்தார்.

கந்தப்பழம் அதை வாங்கிப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்.

"ஒரு வேளைதான் கேட்டிருக்கான் டீச்சர். சாப்பிட்டுட்டு ராத்திரி ரயிலுக்குப் போயிருவான்."

"ஒரு வேளை எப்படி அண்ணாச்சி பத்தும்?" என்றார் டீச்சர். "இந்தக் குழியானைக்கே ஒண்ணேகால் வருசம் ஆச்சு."